வானில் பதினான்கு நாள்கள்

1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்திய அஞ்சல் துறை ஓர் அஞ்சல் தலையை வெளியிட்டது. இருபது வயதைக்கூட எட்டாமல் மறைந்த ஒரு வங்க இளைஞரின் பிறந்தநாள் நூற்றாண்டு நினைவாக அது வெளியிடப்பட்டது. அந்த இளைஞர் இந்திய எல்லையைக் காக்கப் போரிட்டவர் அல்லர். விடுதலை இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவரும் அல்லர். பிரிட்டிஷ் பேரரசின் சீருடையை அணிந்து, பிரான்ஸ் நாட்டு வானில், ஜெர்மானிய விமானங்களை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர். பெயர் இந்திரலால் ராய்.

விடுதலை பெற்ற இந்தியா அவரைத் தன்னவர் என்று உரிமை கொண்டாடுவது சரிதானா என்று ஐயுறுவோர் உண்டு. வரலாறு கற்பித்த ஆண்டுகளில் என் மாணவர்களே இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால், ஒரு மனிதரின் வாழ்க்கையை அறிவதற்கு முன்பே அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று தீர்ப்பு எழுதுவது முறையாகாது.

இந்திரலால் ராய் 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை பியாரிலால் ராய் புகழ்பெற்ற வழக்குரைஞர். அரசுத் தரப்பு வழக்குகளை நடத்தும் உயர் பொறுப்பில் இருந்தவர். குடும்பத்தின் பூர்விகம் இன்றைய வங்கதேசத்தில் உள்ள பாரிசால் பகுதி. தாய்வழிப் பாட்டனார் சூரியகுமார் சக்கரவர்த்தி, மேலை மருத்துவம் பயின்ற முதல் தலைமுறை இந்தியர்களுள் ஒருவர். 1845-இல் கடல் கடந்து லண்டன் சென்று படித்தவர். இந்தியருக்குத் திறக்கப்படாத கதவுகளைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் பாட்டனார் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

தாயார் லொலிதா ராய் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டன் சென்று குடியேறினார். பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி அளிப்பதே நோக்கம். ஆனால், அவர் வீட்டுக்குள் அடங்கியிருந்துவிடவில்லை. 1911 ஜூன் 17-ஆம் நாள் வாக்குரிமை கோரி பெண்கள் லண்டன் வீதிகளில் நடத்திய மாபெரும் ஊர்வலத்தில் சேலை உடுத்திய இந்தியப் பெண்களின் அணி ஒன்று நடந்து சென்றது. அந்த அணியில் முன்னின்றவர்களுள் லொலிதா ராயும் ஒருவர். அந்நாளில் எடுக்கப்பட்ட புகைப்படம் இன்றும் உள்ளது. அப்போது இந்திரலாலுக்கு வயது பன்னிரண்டு. உரிமை என்பது கேட்டுப் பெற வேண்டியது என்பதை அந்தச் சிறுவன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் படித்தது லண்டனின் புனித பால் பள்ளியில். அதே பள்ளியில் ஒரு தலைமுறைக்கு முன்னர் இன்னொரு வங்க மாணவர் படித்தார். அவர் பெயர் அரவிந்த கோஷ். அரவிந்தர் ஐ.சி.எஸ். தேர்வில் தேறியும், குதிரையேற்றத் தேர்வுக்கு வேண்டுமென்றே செல்லாமல் இருந்து பேரரசின் பணியைத் தட்டிக்கழித்தவர்; பின்னர் தாயகம் திரும்பித் தீவிர அரசியலில் இறங்கிச் சிறைப்பட்டு, 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். இந்திரலால் பிரான்ஸ் வானில் பறந்த 1918-இல், பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரியில் அமர்ந்து ஆர்யா இதழை நடத்திக்கொண்டிருந்தார் அரவிந்தர். ஒரே பள்ளி, ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே வகையான குடும்பச் சூழல். ஒருவர் எளிதாகக் கிடைக்கவிருந்த பதவியை வேண்டாம் என்று விலக்கினார். மற்றவர், கிடைக்காது என்று சொல்லப்பட்ட பதவியைப் போராடிப் பெற்றார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது இந்திரலால் பள்ளி மாணவர். ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலில் மண்ணை விட்டு எழும்பியபோது அவருக்கு ஐந்து வயது. பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தபோது பத்து வயது. விமானமும் அவரும் உடன்வளர்ந்தவர்கள் என்றே சொல்லலாம். இயந்திரங்களின் மீது அவருக்கு இருந்த ஈடுபாடு இயல்பானது. பள்ளியில் படிக்கும்போதே பதுங்குகுழிப் போருக்கான சிறு பீரங்கி ஒன்றை வடிவமைத்துப் போர்த் துறைக்கு அனுப்பினார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அந்நாளைய பிரிட்டிஷ் படையில் ஓர் இந்தியர் எந்த நிலையில் இருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பேரரசுக்காகக் கடல் கடந்தனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். ஆனால், அவர்களுள் எவ்வளவு திறமை வாய்ந்தவரும் சுபேதார், ஜமேதார் என்ற நிலைக்கு மேல் உயர முடியாது. ஆங்கிலேயச் சிப்பாய்க்குக் கட்டளையிடும் அதிகாரம் கொண்ட அரசரின் நேரடி நியமனம் இந்தியருக்கு மறுக்கப்பட்டிருந்தது. இந்தத் தடை தளர்த்தப்பட்டது 1917 ஆகஸ்டில். விமானப் படையோ அதனினும் கடுமையாகக் காக்கப்பட்ட கோட்டை. அங்கே விமானி என்றாலே அதிகாரி. ஓர் இந்திய விமானி என்பது ஆங்கிலேய அதிகாரி வர்க்கத்தினருடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் சமநிலை. ஒரு படிவத்தில் கையொப்பமிடுவதால் கிடைத்துவிடக் கூடிய நிலையன்று அது.

ஆனால், போர் விமானிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. 1917 ஏப்ரல் மாதத்தை பிரிட்டிஷ் விமானப் படையினர் குருதி தோய்ந்த ஏப்ரல் என்று பெயரிட்டே நினைவுகூர்கின்றனர். அந்த ஒரு மாதத்தில் ஏறத்தாழ 245 விமானங்களை அவர்கள் இழந்தனர். புதிதாக வந்த விமானி சில வாரங்கள் உயிரோடு இருந்தால் அனுபவசாலி என்று கருதப்பட்ட காலம். ஆள் பற்றாக்குறை நிறவெறியை ஓரளவு தளர்த்தியது என்பதே உண்மை. பேரரசுக்குப் பெருந்தன்மை பிறந்துவிட்டது என்று எண்ண இடமில்லை. அந்த ஏப்ரலில்தான் பதினெட்டு வயது இந்திரலால் ராய் பயிற்சி மாணவராக அரச பறக்கும் படையில் சேர்ந்தார். அதே மாதம் ராவல்பிண்டியைச் சேர்ந்த சீக்கியரான ஹர்தித் சிங் மாலிக்கும் சேர்ந்தார். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீகிருஷ்ண வேலிங்கர், கொல்கத்தாவைச் சேர்ந்த எரோல் சந்தர் சென் ஆகியோரும் அந்தப் போரில் பறந்தவர்கள். விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய எண்ணிக்கை.

இந்திரலாலுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அவருடைய பார்வையில் குறை உள்ளது என்று கூறி முதல் விண்ணப்பத்தை நிராகரித்தனர். அவர் தம்மிடம் இருந்த மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் நாட்டின் முன்னணிக் கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டு, அந்தச் சான்றின் வலிமையால் முதல் முடிவை மாற்ற வைத்தார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் வாய்ப்பு அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஏன் இந்த வழியைத் தேர்ந்தார்? போருக்குச் செல்லாமல் எஞ்சியிருந்தால் பள்ளித் தோழர்களின் முகத்தில் விழிக்க இயலாத வயது அது. அத்துடன், ஒரு வங்க இளைஞரால் முடியாது என்று யாரோ சொன்ன ஒன்றை முடித்துக்காட்டும் வேகமும் அதில் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. போர் செய்யத் தகுதியற்ற இனம் என்று வங்காளிகளை முத்திரை குத்தி வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்திய ராணுவம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1917 ஜூலை 5-ஆம் நாள் அவர் இரண்டாம் லெப்டினன்டாக நியமனம் பெற்றார். இந்தியருக்கான தடையைத் தளர்த்தி அரசு முறைப்படி அறிவிப்பதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி இது. அக்டோபர் 30-ஆம் நாள் பிரான்ஸ் போர்முனையில் 56-ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். பிரிட்டிஷ் விமானப் படையின் மிகச் சிறந்த விமானிகள் பணியாற்றிய பிரிவு அது. ஆல்பர்ட் பால் அங்கிருந்து பறந்தவர். ஜேம்ஸ் மக்குட்டன் அப்போது அங்கே இருந்தார். இந்திரலாலின் குழுத் தலைவர் ரிச்சர்ட் மேபரி.

அங்கே அவர் ஓட்டிய விமானம் எஸ்.இ.5ஏ. மரச் சட்டங்களின் மீது துணி போர்த்திய, இரண்டு அடுக்குச் சிறகுகள் கொண்ட, ஒருவர் மட்டும் அமரக் கூடிய விமானம். 200 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம். மணிக்கு ஏறத்தாழ 220 கி.மீ. வேகம். இன்று நம் நெடுஞ்சாலைகளில் சில கார்கள் எட்டக் கூடிய வேகம்தான். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று விமானியின் முன்னால், சுழலும் விசிறியின் இதழ்களுக்கு இடையே குண்டு செல்லுமாறு ஒத்திசைக்கப்பட்டது. மற்றொன்று மேல்சிறகின் மீது இருந்தது. அதன் குண்டு உருளையில் 97 குண்டுகளே இருக்கும். சில நொடிகளில் தீர்ந்துவிடும். அப்போது விமானி துப்பாக்கியை வளைந்த தண்டவாளத்தின் வழியே கீழே இழுத்து, கால்முட்டிகளால் விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் உருளையை மாற்ற வேண்டும். பதினைந்தாயிரம் அடி உயரத்தில், கூரையில்லாத இருக்கையில், உறைய வைக்கும் காற்றில், எதிரி விமானம் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். சுவாசிக்க உயிர்க்காற்றுக் கருவி கிடையாது. பாராசூட்டும் கிடையாது. பலூன்களில் இருந்து வேவு பார்த்தோருக்கு பாராசூட் வழங்கப்பட்டது, விமானிகளுக்கு வழங்கப்படவில்லை. போரின் கடைசி ஆண்டில் ஜெர்மானிய விமானிகளே அதைப் பெற்றனர். விமானம் தீப்பற்றினால் எரிவதா, குதிப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை மட்டுமே பிரிட்டிஷ் விமானிக்கு இருந்தது. பாராசூட் வழங்க மறுத்த நிர்வாகிகளுள் யாரும் அந்த இருக்கையில் அமர்ந்ததாகத் தெரியவில்லை.

56-ஆவது ஸ்குவாட்ரனில் இந்திரலால் வெற்றி எதையும் பெறவில்லை. சேர்ந்த ஐந்து வாரங்களில், 1917 டிசம்பர் 6-ஆம் நாள், தரையிறங்கும்போது அவருடைய விமானம் நொறுங்கியது. படுகாயமடைந்தார். இறந்துவிட்டார் என்று கருதிப் பிணங்களோடு கிடத்தினர் என்றும், நினைவு திரும்பியதும் பிணவறைக் கதவை அவர் தட்டியதாகவும், உள்ளிருந்து ஒலி கேட்ட காவலர் அஞ்சிக் கதவைத் திறக்க மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. இளம் விமானிகளைச் சுற்றி இவ்வாறான கதைகள் வளர்வது வியப்பில்லை. கதையை ஒதுக்கிவிட்டாலும், அவர் சாவின் அருகே சென்று மீண்டார் என்பது மாறாது.

இந்திரலாலின் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதன் பின்னர் வந்த ஆறு மாதங்கள். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் இந்தக் காலத்தை இரண்டு வரிகளில் கடந்து, அவர் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கைக்குத் தாவிவிடுகின்றனர். அந்த ஆறு மாதங்களில் அவர் ஒரு தோல்வியாளர். போர்முனைக்கு அனுப்பப்பட்டு, ஒரு வெற்றிகூடப் பெறாமல், தம் விமானத்தைத் தாமே நொறுக்கிக்கொண்டு திருப்பி அனுப்பப்பட்டவர். காயத்தால் பறக்கத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் அறிவித்தனர். கௌரவமாக வீடு திரும்புவதற்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை. அவர் மடிந்துபோவார் என்று அஞ்சியிருந்த தாய்க்கு அது பெரும் ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

படுக்கையில் இருந்தவாறே அவர் விமானங்களை வரைந்தார். பென்சிலாலும் மையாலும் வரையப்பட்ட அந்த ஓவியங்கள் பல இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. விமானத்தால் ஏறத்தாழ உயிரையே இழந்த ஒருவர், கையை அசைக்க முடிந்ததும் விமானத்தையே வரைந்தார் என்பதில் அவருடைய மனநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. மருத்துவர்களின் முடிவை எதிர்த்து மீண்டும் மீண்டும் முறையிட்டார். முதலில் தளவாடப் பொறுப்பு அதிகாரியாக அமர்த்தப்பட்டார். பறப்பதற்கு அனுமதி கிடைக்கும்வரை ஓயவில்லை. இறுதியில் 1918 ஜூன் 19-ஆம் நாள் 40-ஆவது ஸ்குவாட்ரனில் மீண்டும் போர் விமானியாகச் சேர்ந்தார்.

இதற்குள் போர்க்களம் மாறிவிட்டிருந்தது. அவருடைய முதல் குழுத் தலைவர் மேபரி, இந்திரலாலின் விபத்து நடந்து பதின்மூன்றே நாள்களில் கொல்லப்பட்டிருந்தார். அரச பறக்கும் படையும் கடற்படையின் விமானப் பிரிவும் இணைக்கப்பட்டு, 1918 ஏப்ரல் 1 முதல் அரச விமானப் படை என்ற புதிய பெயரில் இயங்கத் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் ஃபோக்கர் டி-7 என்னும் புதிய விமானத்தைக் களமிறக்கியிருந்தனர். அந்தப் போரில் பறந்த விமானங்களிலேயே தலைசிறந்தது என்று பலராலும் மதிக்கப்பட்டது அது. போர் நிறுத்த உடன்படிக்கையில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் இந்த விமானத்தின் பெயரைத் தனியே குறிப்பிட்டு எழுதினர் என்பதிலிருந்தே அதன் மதிப்பை உணரலாம்.

40-ஆவது ஸ்குவாட்ரனில் இந்திரலாலுக்கு நல்ல ஆசான் கிடைத்தார். ஜார்ஜ் மெக்கெல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியவர். எட்வர்ட் மன்னாக்கிடம் தொழில் பழகியவர். மன்னாக், தனியே சென்று வீரம் காட்டுவதை வெறுத்து, குழுவாகப் பறந்து, உயரத்தில் இருந்து திட்டமிட்டுத் தாக்கி, இழப்பின்றித் திரும்புவதே கலை என்று போதித்தவர். அந்த வழிமுறை மெக்கெல்ராய் மூலம் இந்திரலாலுக்கு வந்து சேர்ந்தது. 56-ஆவது ஸ்குவாட்ரனில் தடுமாறிய இளைஞர் இங்கே முற்றிலும் வேறு விமானியாக மாறினார். ஆர்வம் அவரிடம் முன்பே இருந்தது. கற்பிப்பவர்தான் இப்போது கிடைத்தார்.

1918 ஜூலை 6-ஆம் நாள் த்ரோகூர் என்ற ஊருக்கு மேலே ஒரு ஹானோவர் விமானத்தை வீழ்த்தினார். இது அவரது முதல் வெற்றி. ஹானோவர், விமானியும் பின்புறம் நோக்கிய துப்பாக்கிக்காரரும் அமரும் இரட்டை இருக்கை விமானம். பின்னாலிருந்து தாக்க வருபவரைச் சுடுவதற்கு வசதியாகவே அதன் வால் பகுதி வடிவமைக்கப்பட்டிருந்தது. பதுங்குகுழிகளைப் படமெடுத்தும், பீரங்கிகளுக்கு இலக்கைச் சுட்டியும் உதவிய இத்தகைய விமானங்கள் தரையில் இருந்த காலாட்படைக்கு எமனாக இருந்தன. ஒற்றை இருக்கை விமானத்தை வீழ்த்துவதில்தான் புகழ் அதிகம். ஆனால், தரைப்படைக்கு உண்மையில் உதவியது இரட்டை இருக்கை விமானத்தை வீழ்த்துவதே.

ஜூலை 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வெற்றிகள்: இரண்டு ஹானோவர், ஒரு ஃபோக்கர். 13-ஆம் நாள் இரண்டு. 15-ஆம் நாள் இரண்டு, இரண்டுமே ஃபோக்கர். 18-ஆம் நாள் ஒன்று. 19-ஆம் நாள் கான்யிகூர் ஊருக்கு மேலே மற்றுமொரு ஹானோவர். மொத்தம் பத்து. முதல் வெற்றிக்கும் கடைசி வெற்றிக்கும் இடைப்பட்டவை பதினான்கே நாள்கள். அவர் வாழ்நாளில் பறந்த நேரம் எல்லாம் சேர்த்து 170 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்.

இந்தக் கணக்கைப் பற்றி ஒரு விளக்கம். பத்து என்பதில் ஐந்து, அழிக்கப்பட்டவை என்று பதிவானவை. மற்ற ஐந்து, கட்டுப்பாடிழந்து வீழ்ந்தவை. இரு வகையிலும் ஒவ்வொன்று சக விமானிகளுடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. கட்டுப்பாடிழந்து சுழன்று சென்றதாகக் கருதப்பட்ட விமானங்களுள் சில, தாழ்வாகச் சென்றபின் நிமிர்ந்து தப்பியதும் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் கணக்குமுறை இரண்டையும் வெற்றியாகவே ஏற்றது. எல்லா விமானிகளுக்கும் பொதுவான அளவுகோல் அது. ஆகவே இந்திரலாலின் இடத்தை அது குறைப்பதாகாது. ஐந்து வெற்றி பெற்றவரைச் சிறப்பு விமானியாகக் கருதுவது மரபு. அந்த எல்லையைத் தாண்டிய முதல் இந்தியர் அவரே. முதல் உலகப் போரில் வேறெந்த இந்தியரும் அவருடைய எண்ணிக்கையை எட்டவில்லை.

ஆனால், அந்தப் பத்து என்ற எண்ணுக்குள் மனிதர்கள் இருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. இரட்டை இருக்கை விமானங்களில் இருந்தவர்களும் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்களே. அவர்களுக்கும் இந்தியாவுக்கும் எந்தப் பகையும் இல்லை. வங்காளத்தில் பிறந்த ஒருவர், தம் நாட்டை ஆண்டுகொண்டிருந்த நாட்டுக்காக, தம் நாட்டுக்கு எந்தத் தீங்கும் செய்யாத நாட்டின் இளைஞர்களை வானில் வேட்டையாடினார் என்பது கசப்பான உண்மை. இதை மூடி மறைத்து எழுதப்படும் புகழுரைகள் எனக்கு உடன்பாடானவை அல்ல.

இந்த இடத்தில் அந்த ஜூலை மாதத்தின் இந்தியாவையும் பார்க்க வேண்டும். இந்திரலால் பத்து விமானங்களை வீழ்த்திய அதே 1918 ஜூலையில், காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து, பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அகிம்சையின் தூதுவர் ஏன் இதைச் செய்தார் என்று இன்றும் விவாதிக்கப்படுகிறது. பேரரசின் ஆபத்துக் காலத்தில் சமமாகத் தோள்கொடுப்பவர்கள் போருக்குப் பின் சமமான குடிமக்களாக நடத்தப்படுவார்கள் என்ற நம்பிக்கையே காரணம். அன்றைய தலைவர்கள் பலரிடமும் அந்த நம்பிக்கை இருந்தது. நாற்பத்தெட்டு வயதான காந்தியடிகளிடமே இருந்த ஒரு நம்பிக்கைக்காகப் பத்தொன்பது வயது இளைஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. அந்த நம்பிக்கை பொய்த்தது. போர் முடிந்து நான்கே மாதங்களில் ரௌலட் சட்டமும், அடுத்த மாதம் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் வந்தன. ஆனால், பொய்த்தது பிரிட்டனின் வாக்கு. நம்பியவர்களின் மேல் அந்தப் பழி விழுவதில்லை.

ஜூலை 22-ஆம் நாள், கடைசி வெற்றிக்கு மூன்று நாள்கள் கழித்து, கார்வின் நகருக்கு மேலே ஜெர்மானிய 29-ஆவது ஸ்குவாட்ரனின் ஃபோக்கர் விமானங்களுடன் நடந்த சண்டையில் இந்திரலாலின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஜெர்மானியர் வசமிருந்த நிலத்தில் அது விழுந்தது. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது ஏழு மாதம். நான்கு நாள்கள் கழித்து, ஜூலை 26-ஆம் நாள் மன்னாக் கொல்லப்பட்டார். ஜூலை 31-ஆம் நாள் மெக்கெல்ராய். ஆசானின் ஆசான், ஆசான், மாணவர் என மூவரும் பத்து நாள் இடைவெளியில் மறைந்தனர். இழப்பின்றித் திரும்புவதே கலை என்று போதித்த அந்தப் பரம்பரையில் யாரும் திரும்பவில்லை. போர் நவம்பர் 11-ஆம் நாள் முடிந்தது. இந்திரலால் வீழ்ந்ததற்குப் பின் மிகச் சரியாக 112 நாள்கள்.

அவர் விழுந்த இடத்தின் மீது புகழ்பெற்ற ஜெர்மானிய விமானி ரிக்டோஃபென் தம் விமானத்தில் பறந்து வந்து மலர்வளையம் போட்டு மரியாதை செய்தார் என்று சிலர் எழுதி வருகின்றனர். சிவப்பு விமானத்தில் பறந்த அந்த ரிக்டோஃபென் 1918 ஏப்ரல் 21-ஆம் நாளே கொல்லப்பட்டுவிட்டார். மூன்று மாதங்களுக்கு முன் இறந்தவர் மலர் தூவ வந்திருக்க முடியாது. இந்திரலாலின் பெருமைக்கு இத்தகைய அலங்காரங்கள் தேவையில்லை. எதிரி வந்து வணங்கினால்தான் நம் வீரர் வீரர் என்று எண்ணும் மனப்பான்மையை நாம் கைவிடுவது நல்லது.

1918 செப்டம்பரில் சிறப்புமிகு பறத்தல் சிலுவை என்னும் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் விமானப் படையினருக்கென அவ்விருது உருவாக்கப்பட்டிருந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பெற்றுக்கொள்ள அவர் இல்லை. போருக்குச் சென்ற மகன்களுள் மூத்தவர் பரேஷ்லால் ராய் உயிருடன் திரும்பினார். பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று போற்றப்பட்டார். மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயரைப் பற்றிப் புறநானூற்றில் படித்து வளர்ந்தவர்கள் நாம். லொலிதா ராயும் அப்படிப்பட்ட தாய்தான். ஆனால், அவருடைய மகன் எந்த ஊரைக் காக்கச் சென்றான் என்பதற்குப் புறநானூற்றுத் தாய்க்கு இருந்ததுபோல் எளிய விடை அவரிடம் இருந்திருக்காது.

இந்திரலால் ராயின் கல்லறை வடக்கு பிரான்ஸில் பா-தெ-கலே பகுதியில் எஸ்தெவெல் என்ற சிற்றூரின் இடுகாட்டில் உள்ளது. பிரெஞ்சுக் கிராமத்து மக்களின் கல்லறைகளுக்கு நடுவே, வங்க எழுத்துகள் பொறித்த நடுகல் அது. அதே பகுதியில் உள்ள நவ் ஷாப்பெல் நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காமல்போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் பெரும்பாலோருக்கு அஞ்சல் தலை இல்லை, விருதும் இல்லை. கொல்கத்தாவின் பவானிபூரில் ஒரு சாலைக்கு இந்திரா ராய் சாலை என்று பெயர். அந்தச் சாலையில் நாள்தோறும் செல்பவர்களுள் பலர், அது ஏதோ ஒரு பெண்மணியின் பெயர் என்று எண்ணிக் கடந்துசெல்லக் கூடும்.

அவர் நுழைந்த கதவு என்னவாயிற்று? போர் முடிந்ததும் அது மீண்டும் சாத்தப்பட்டது. விமானப் படையின் அதிகாரிப் பதவிகள் ஐரோப்பிய வம்சத்தாருக்கே உரியவை என்ற விதி மீண்டும் செயலுக்கு வந்தது. இந்தியருக்கு விமானம் ஓட்டும் ஆற்றல் உண்டா என்ற கேள்வியை, பத்து விமானங்களை வீழ்த்திய ஓர் இந்தியரின் பெயரைத் தம் ஆவணங்களில் வைத்துக்கொண்டே, அதிகாரிகள் 1920-கள் முழுவதும் எழுப்பிக்கொண்டிருந்தனர். இதைத்தான் நான் அவருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதியாகக் கருதுகிறேன். ஸ்கீன் குழுவின் பரிந்துரைக்குப் பின், 1930-இல்தான் முதல் இந்திய மாணவர்கள் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப் படைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். 1932 அக்டோபர் 8-ஆம் நாள் இந்திய விமானப் படை சட்டப்படி பிறந்தது. 1933 ஏப்ரல் 1-ஆம் நாள் நான்கு வாபிட்டி விமானங்களுடன் அதன் முதல் ஸ்குவாட்ரன் இயங்கத் தொடங்கியது.

இந்திரலாலுடன் ஒரே மாதத்தில் படையில் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக், காலில் குண்டுக் காயங்களுடன் உயிர் தப்பினார். விடுதலைக்குப் பின் இந்தியத் தூதராக அதே பிரான்ஸ் நாட்டுக்கே சென்றார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 1985-இல் மறைந்தார். கிரான்வெல்லுக்குச் சென்ற முதல் அணியில் சுப்ரதோ முகர்ஜி என்ற வங்க இளைஞர் இருந்தார். இந்திரலால் அவருக்கு மாமன் முறை. 1954 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்திய விமானப் படையின் தலைமைப் பொறுப்பை ஆங்கிலேயரிடமிருந்து ஏற்றுக்கொண்ட முதல் இந்தியர் அந்தச் சுப்ரதோ முகர்ஜியே ஆவார்.